வேரோடு அழிக்கவா?

மீனலோசனியின் புகார் அன்று காலை உதவிப் பிரிவுக்கு வந்த புகார்களுக்கு நடுவில் எங்கோ கிடந்தது. மற்றவர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைப் பாடியிருந்தார்கள்: எழுதிக்கொண்டிருந்தேன், கரன்ட் போனது, திரும்பி வந்து பார்த்தால் வரைவைக் காணோம். மீனலோசனி மட்டும் தலைகீழாக எழுதியிருந்தாள். "நான் எழுதாததெல்லாம் என் வரைவுப் பெட்டியில் இருக்கிறது. தயவுசெய்து வசுமதியை அனுப்பவும்."

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் வசுமதிக்குச் சுருக்கென்றது. குழாய் ஒழுகினால் பிளம்பரை அனுப்பச் சொல்வார்களே, அந்தத் தோரணை.

வசுமதிக்கு மீனலோசனி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து உரம் போட்டு வளர்த்த பொறாமை. இருவரும் கதை எழுதினார்கள். கல்லூரி மலரில் லோசனியின் கதை வந்தது. வசுமதியின் கதை இடமில்லை என்று திரும்பி வந்தது. பிறகு லோசனி எழுத்தாளர் ஆனாள். வசுமதி கணினி படித்து, பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் போய் உட்கார்ந்தாள். லோசனியின் ஒவ்வொரு புத்தகத்தையும் வெளிவந்த வாரமே வாங்கிவிடுவாள். படித்து முடித்து, "இதில் அப்படி என்ன இருக்கிறது" என்று மூடி வைப்பாள். மறுநாள் திரும்பவும் எடுத்துப் படிப்பாள். தன்னுடைய புத்தகத்தை அடுத்த லீவில் எழுதுவதாக இருந்தாள். அடுத்த லீவு ஒவ்வொரு வருடமும் ஒழுங்காக வந்துவிட்டுப் போனது.

அவள் நிறுவனம் செய்வது அன்றில் என்ற மின்னஞ்சல் நிரல். கைப்பேசியில் நெடுநேரம் எழுதப் பிடிக்காத வக்கீல்கள், ஆடிட்டர்கள், எழுத்தாளர்கள் எல்லாரும் மேசைக் கணினியில் போட்டு வைத்துக்கொள்வது. மற்ற நிரல்கள் எழுதியதைத் தானாகச் சேமிக்கும். அன்றில் புதிதாக முன்சேமிப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அது எழுதப்போவதையும் சேமித்துவிடும்.

இதனால் ஊரில் நடந்த கூத்துகள் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வங்கி மேலாளர் "மதிப்பிற்குரிய ஐயா" என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. படித்துப் பார்த்தார், ஒரு கமாவைக்கூட மாற்றாமல் அனுப்பிவிட்டார். இன்னொரு பெண் வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கு எழுத ஆரம்பித்து, வேண்டுமென்றே நிறுத்திக் காத்திருந்தாள். அன்றில் "சரி" என்ற ஒரு சொல்லைச் சேமித்துவிட்டுச் சும்மா இருந்தது. அவள் உதவிப் பிரிவைக் கூப்பிட்டு, "இது ரிப்பேருங்களா?" என்று கேட்டாள். இல்லம்மா, சரியாகத்தான் வேலை செய்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அந்த அழைப்பை எடுத்தது வசுமதிதான். செட்டிங்கில் ஏதோ மாற்றுவதுபோல் கொஞ்ச நேரம் பாசாங்கு பண்ணிவிட்டு வைத்துவிட்டாள்.

இப்படி வீடுகளில் சண்டை வந்து, ஆட்கள் புகார் மேல் புகார் கொடுத்த பிறகு நிறுவனம் ஒரு பொத்தானை வைத்தது. வேரோடு அழி. முன்சேமித்ததை மட்டுமல்ல, முன்சேமிக்க எதைக் கற்றுக்கொண்டதோ அதையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

வசுமதி லோசனியைக் கூப்பிட்டாள்.

"வசு, நல்லவேளை நீயே கூப்பிட்டடி. வேற யாராவது பேசியிருந்தா என்னைப் பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

"பண்ணேன். சாமி கும்பிட்டும் பாத்துட்டேன்."

"சரி, நான் இங்கேருந்து உன் கம்ப்யூட்டருக்குள்ள வரேன். அனுமதி கேக்கும், சரின்னு அமுக்கு."

அடையாற்றில் இருந்த லோசனியின் திரை பெருங்குடியில் வசுமதியின் மேசைக்கு வந்தது. ஓரத்தில் ஒரு செம்பருத்திப் படம், நடுவில் அன்றில். லோசனி நாவல் எழுதுவதே மின்னஞ்சல் வரைவில்தான். யாருக்கோ அனுப்பப்போகிறோம் என்று நினைத்தால்தான் அவளுக்கு எழுத வருமாம். ஒரு பேட்டியில் இதைச் சொல்லியிருந்தாள். வசுமதி அந்தப் பேட்டியையும் இரண்டு தடவை படித்திருந்தாள்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"தெரியலடி. புது நாவல் ஒரு வருஷமா நகரவே மாட்டேங்குது. தினம் காலையில வந்து உக்காந்து 'அவள்'னு ஒரு வார்த்தை அடிப்பேன். அப்புறம் எந்திரிச்சுப் போயி செடிக்குத் தண்ணி ஊத்துவேன். இவ்வளவுதான் என் எழுத்து வாழ்க்கை. நேத்து யதேச்சையா வரைவுப் பெட்டியைத் திறந்தா, ஒவ்வொரு 'அவள்' கீழயும் பக்கம் பக்கமா இருக்கு. ஒண்ணோட ஒண்ணு கோத்தா நாவல் மாதிரி போகுது."

"முன்சேமிப்புன்னு ஒண்ணு இருக்கு. நீ நிறுத்தினா, அடுத்து நீ என்ன எழுதுவியோ அதை அது எழுதி வைக்கும்."

"நான் என்ன எழுதுவேன்னு எனக்கே தெரியாதப்ப அதுக்கு எப்படிடி தெரியும்?"

"இத்தனை வருஷமா எழுதின மெயிலெல்லாம் படிச்சு வச்சிருக்கும். எங்க தயங்கினாங்க, எதை அழிச்சாங்க, அழிச்சுட்டு எதைப் போட்டாங்க, எல்லாம். இதை எழுதின எஞ்சினியர் அன்வர் சொல்வாரு, ஒரு ஆள் அனுப்பினதுல இருக்கறதைவிட அழிச்சதுலதான் அதிகமா இருப்பாங்கன்னு."

மறுமுனையில் லோசனியின் குரல் தணிந்து வந்தது.

"அப்படின்னா இதெல்லாம் நான் எழுதப்போறதுதானா? நீ ஆமான்னு சொன்னா இன்னைக்கே பதிப்பகத்துக்கு அனுப்பிடறேன். ஒரு வருஷமா கேட்டுட்டு இருக்காங்க. ஆனா வசு, இது என்னோடது இல்லைன்னா எனக்கு வேண்டாம். அடுத்தவங்களோடதை எடுத்துப் போட்டுக்கற ஆள் இல்ல நான்."

"இரு, பாத்துட்டுச் சொல்றேன்."

வசுமதி முதல் வரைவைத் திறந்தாள்.

"அவள் குரல் ஊருக்கே தெரியும். திருச்சி வண்டி புறப்படத் தயாராக உள்ளது என்று அவள் சொன்னால் பெரிய மனிதர்கள்கூட டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடுவார்கள். வீட்டுக்கு வந்தால் அவள் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டுவாள். அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் நான் பேருந்து நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்."

வசுமதியின் அம்மா மதுரைப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொன்னவள். விடுதி அறையில் விளக்கை அணைத்த பிறகு ஒருநாள் இதை லோசனியிடம் சொல்லியிருக்கிறாள். லோசனி இருட்டிலிருந்து "ம்" என்றாள். அந்த "ம்" இத்தனை வருடம் கழித்து வட்டியும் முதலுமாக இதோ வந்து நிற்கிறது.

அவள் மேலே படித்தாள். நன்றாக இருந்தது. எரிச்சலே அதுதான். லோசனி இதுவரை எழுதிய எதையும்விட நன்றாக இருந்தது. அந்த நிலையத்தில் ஒரு சிறுமி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், பள்ளி விட்டு வெகுநேரம் ஆகிவிட்டது, பசிக்கிறது. ஒலிபெருக்கியில் தேனி வண்டிக்கும் திருநெல்வேலி வண்டிக்கும் இடையில் அதே மரத்த குரல் சொல்கிறது: "மஞ்சள் பாவாடை அணிந்த சிறுமி உடனடியாக வீட்டுக்குச் சென்று சாப்பிடவும்." பயணிகள் சிரிக்கிறார்கள். சிறுமி எழுந்து போகாமல், அது இன்னொரு தடவை சொல்லுமா என்று காத்திருக்கிறாள்.

வசுமதிக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கோபம் வந்தால் அது மிக மோசமான கோபம். இதையுமா சொல்லித் தொலைத்தோம்? தூக்கக் கலக்கத்தில் இதையும் உளறியிருக்க வேண்டும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். பரிசும் பேரும் போதாது என்று இவளுக்கு என் அம்மாவும் வேண்டியிருக்கிறதா? அடுத்த லீவுக்கென்று நான் பொத்தி வைத்திருந்த ஒரே ஒரு சொத்து.

நேரடியாகக் கேட்டிருக்கலாம். ஏன்டி, இது எங்கம்மா இல்லையா என்று. ஆனால் கேட்டால் லோசனி என்ன சொல்வாள் என்று வசுமதிக்குத் தெரியும். "ஆமாம்டி, உனக்கே சமர்ப்பணம் பண்ணிடறேன்" என்பாள். சமர்ப்பணப் பக்கத்தில் ஒரு வரியாகப் போய்விட வசுமதி தயாராக இல்லை.

"வசு? இருக்கியா?"

"இருக்கேன்."

"என்னோடதா இல்லையா, சொல்லுடி."

வசுமதியின் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. என்ன சொன்னாலும் எதிராளி நம்பித்தான் ஆக வேண்டும்.

"உன்னோடது இல்லை. சர்வர்ல ரெண்டு பேரோட ஃபைல் கலந்துபோச்சு. வேற யாரோடதோ உன் பெட்டியில வந்து விழுந்திருக்கு."

"நெசமாவா?"

"உன்கிட்ட நான் ஏன் பொய் சொல்லணும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் லோசனி. "அப்ப அழிச்சுடு."

வசுமதியின் அம்புக்குறி லோசனியின் திரையில் ஊர்ந்து போனது. வேரோடு அழிக்கவா, திரும்பக் கிடைக்காது என்றது அன்றில். ஆம் என்றாள். உறுதியாகவா என்று இன்னொரு தடவை கேட்டது. இந்த இரண்டாவது கேள்வியை வைக்கச் சொல்லி நிர்வாகத்தோடு சண்டை போட்டது உதவிப் பிரிவுதான், அதிலும் முன்வரிசையில் நின்றது வசுமதி. இப்போது அவள் அதைப் படிக்கக்கூட இல்லை. பேருந்து நிலையமும் சிமென்ட் பெஞ்சும் மஞ்சள் பாவாடையும் போய், வரைவுப் பெட்டி காலியாக இருந்தது.

அன்று கேன்டீனில் சாம்பார் சாதம்கூட ருசித்தது. பக்கத்து மேசைக்காரி ஊறுகாய் கேட்டபோது பாட்டிலோடு கொடுத்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்தால் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் அன்வர் நின்றுகொண்டிருந்தார். முன்சேமிப்பை உருவாக்கிய குழுவில் மூத்தவர். யாரைக் குறை சொல்வதென்றாலும் முதலில் ஒரு தடவை தொண்டையைச் செருமுவார். இப்போதும் செருமினார்.

"மேடம், அடையார்ல ஒரு எழுத்தாளர் வீட்டு மெஷின் பாத்தீங்களே. அதுல உங்க அக்கவுண்ட் என்ன பண்ணுது?"

"என் அக்கவுண்ட்டா?"

"ஆமா. மொதல் அக்கவுண்ட்டா உங்களோடதுதான் இருக்கு. அவங்களோடது ரெண்டாவது. டெஸ்ட் பண்ணப் போட்டுட்டு எடுக்க மறந்துட்டீங்களோ?"

வசுமதிக்கு ஞாபகம் வந்தது. லோசனி புதுக் கணினி வாங்கியபோது அன்றிலைப் போட்டுக் கொடுக்க நேரில் போயிருந்தாள். உதவிப் பிரிவு ஆட்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம், வாடிக்கையாளர் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டு வருவதற்குள் தங்கள் கணக்கை முதலில் போட்டு, மெயில் போகிறதா வருகிறதா என்று பார்த்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அன்று அவள் கணக்கைப் போட்ட சமயத்தில்தான் லோசனிக்குத் தொலைபேசி வந்தது. பெரிய பரிசு. லோசனி கூடத்தில் நின்று குதித்தாள், அவளைக் கட்டிக்கொண்டாள். வசுமதி வாழ்த்துச் சொல்லிவிட்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு, சமைத்து வைத்திருந்த சாப்பாட்டையும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். லோசனியின் கணக்கைப் பிறகு வேறு யாரோ பையன் வந்து சேர்த்துக் கொடுத்திருக்கிறான்.

இன்று காலையும், எந்தப் புகார் வந்தாலும் முதலில் திறந்து பார்க்கும் கணக்குப் பட்டியலை அவள் திறக்கவில்லை. வரைவைத்தான் திறந்தாள்.

"மொதல் அக்கவுண்ட் யாரோடதோ, முன்சேமிப்பு அவங்க கையைத்தான் பிடிச்சுக்கும்," என்றார் அன்வர். "அது எங்க தப்புதான். அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடறோம்."

"அப்ப அவங்க அடிச்சுட்டு நிறுத்தினா…"

"மிச்சத்தை உங்களை மாதிரி எழுதும். உங்களை மாதிரின்னுகூடச் சொல்லக் கூடாது. நீங்க உக்காந்து எழுதினா என்ன எழுதுவீங்களோ அதைத்தான் எழுதும். வேற ஒருத்தர் கை அதுக்கு வராது மேடம்."

மஞ்சள் பாவாடையைப் பற்றி வசுமதி யாரிடமும் சொன்னதில்லை. விடுதியில் சொல்லவில்லை, வீட்டில் சொல்லவில்லை. அம்மா இறந்த அன்று விடுப்புக் கேட்டு மேலாளருக்கு மெயில் எழுத உட்கார்ந்தவள், தன்னை அறியாமல் அந்தப் பெஞ்சையும் ஒலிபெருக்கியையும் பற்றி எழுதிக்கொண்டே போனாள். பிறகு மேலாளருக்கு இதெல்லாம் எதற்கு என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "சொந்தக் காரணம்" என்று போட்டு அனுப்பினாள். அப்படி எழுதியதே அவளுக்கு மறந்துவிட்டது. அழித்ததை அன்றில் வைத்திருந்திருக்கிறது.

"அன்வர், அதை நான் வேரோட அழிச்சுட்டேன்."

"பாத்தேன். அதைத்தான் கேக்க வந்தேன். உங்க அக்கவுண்ட் கத்துக்கிட்டதும் மொத்தமா போயிருக்கு. இனிமே உங்களை அதுக்குத் தெரியாது."

"திரும்ப எடுக்க முடியாதா?"

அன்வர் செருமக்கூட இல்லை. "அதுக்குத்தானே மேடம் அப்படி ஒரு பட்டன் வச்சோம்?"

ஆபீஸ் கலையும் நேரத்தில் லோசனி கூப்பிட்டாள். வசுமதி எடுக்காமல் இருந்து பார்த்தாள். லோசனி மறுபடி கூப்பிட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"காலையில ரொம்ப நேர்மையா அழிச்சுடுன்னு சொன்னேன் பாரு. அது நேர்மை இல்லடி. வயித்தெரிச்சல். அந்தப் பக்கங்களைப் படிச்சதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை. யாருடா இது, நான் இத்தனை புத்தகம் எழுதியும் இப்படி ஒரு பக்கம் எழுதலையேன்னு. நீ என்னோடது இல்லைன்னு சொன்னதும், இது புத்தகமா வந்துடக் கூடாதுன்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு. உனக்கு இதெல்லாம் புரியாது வசு. நீ நல்லவ. யாரைப் பாத்தும் பொறாமைப்பட்டதே இல்லை."

வசுமதி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த பஸ் ஸ்டாண்டு அம்மா மாதிரி ஒருத்தரை எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே எழுதியிருப்பேன்," என்றாள் லோசனி. "எனக்கு அப்படி யாரும் வாய்க்கலை."

அப்படியானால் விடுதி அறையில் இருட்டிலிருந்து வந்த அந்த "ம்" தூக்கத்தில் சொன்னது. இவள் கேட்கவே இல்லை. திருட இவளுக்கு என்னிடமிருந்து எதுவுமே கிடைத்ததில்லை.

அது என்னுடையது என்று இப்போது சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், லோசனியே ஒருவர் மேல் பொறாமைப்பட்டாள், அந்த ஒருவர் நான் என்று வாழ்நாள் முழுக்க மனதுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும்? உன்னோடதுன்னா ஏன்டி அழிச்ச? உன்னுடையது என்று நினைத்து அழித்தேன் என்றா சொல்வது?

"மனசு கேக்கலைடி," என்றாள் லோசனி. "எழுதினது யாரோ, அவங்ககிட்ட வேற காப்பி இருக்கும்ல?"

"இல்லை."

"அய்யோ. உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும். அதுதான் இருந்தது."

"பாவம்டி அவங்க," என்றாள் லோசனி. உண்மையாகவே வருத்தப்பட்டாள். "யாருன்னு தெரிஞ்சா சொல்லு. நான் மன்னிப்புக் கேட்டு எழுதறேன்."

போனை வைத்த பிறகு வசுமதி தன் கணினியில் அன்றிலைத் திறந்து புதிய மடல் ஒன்றை எடுத்தாள். பெறுநர் இடத்தை வெறுமையாக விட்டாள். அவள் குரல் ஊருக்கே தெரியும் என்று அடித்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, பழக்கத்தில் காத்திருந்தாள். ஓரத்தில் "வரைவு சேமிக்கப்பட்டது" என்று வந்தது. அந்த ஒரு வரியை மட்டும் சேமித்திருந்தது, ஒரு சொல்கூடக் கூடுதலாக இல்லை.

அடுத்த வரியில் திருச்சி வண்டி வந்தது, டீ வந்தது. யார் ஓடினார்கள், எப்படி ஓடினார்கள் என்பது நினைவில் இல்லை. அவள் எழுதிப் பார்த்தாள். காலையில் படித்ததன் பக்கத்தில் நிற்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். அந்தப் பக்கங்களை எழுதியவள் மேல், லோசனி மேல்கூட ஒருநாளும் வராத பொறாமை வந்தது.

ஹவுஸ்கீப்பிங் அம்மா வந்து, விளக்கை அணைக்கலாமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள் வசுமதி.